தலையீடு: சொல்லும் அதன் அரசியலும்

ஒரு நாட்டின் மக்கள் நேர்மையான தேர்தலைக் கேட்டோ, ஆட்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்வாதிகாரி விலக வேண்டும் என்றோ வீதிக்கு வரும்போது, வல்லரசுகள் அதில் தலையிட வேண்டுமா என்ற வாதம் மற்ற நாடுகளில் எழுகிறது. இந்த வாதம் பெரும்பாலும் முடிவின்றி நீள்வதற்கு ஒரு காரணம், தலையீடு என்ற ஒரே சொல்லால் வெளியுறவு அமைச்சரின் கண்டன அறிக்கையையும் எல்லை தாண்டி வரும் கவச வாகனத்தையும் நாம் குறிப்பதுதான்.

தலையிடு என்பது தலை, இடு என்னும் இரண்டும் சேர்ந்த கூட்டுவினை. பெறு என்பது பேறு என்றும் கெடு என்பது கேடு என்றும் நீள்வதைப் போல, இடு என்பது ஈடு என நீண்டு தலையீடு என்ற தொழிற்பெயர் பிறக்கிறது. இன்றைய வழக்கில் இச்சொல் தன்னளவில் நன்மையையோ தீமையையோ குறிப்பதில்லை. ‘பெரியவர்கள் தலையிட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தார்கள்’ என்று நன்றியோடும் சொல்கிறோம். ‘எங்கள் விஷயத்தில் தலையிடாதீர்கள்’ என்று கோபத்தோடும் சொல்கிறோம். இரண்டிலும் பொதுவாக இருப்பது, வெளியில் இருந்த ஒருவர் உள்ளே வருகிறார் என்பது மட்டுமே.

இதற்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் இன்டர்வென்ஷன், ‘இடையே’ என்னும் பொருளுடைய இன்டர், ‘வருதல்’ என்னும் பொருளுடைய வெனிரே ஆகிய லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. இடையே வருதல் என்பதே அதன் வேர்ப்பொருள். அதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்டர்ஃபியரன்ஸ் வேறொரு வேரைச் சேர்ந்தது. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. முன்னதற்குத் தலையீடு, பின்னதற்குக் குறுக்கீடு என வைத்துக்கொள்வது பொருத்தம். இடையீடு என்ற சொல்லும் உண்டு. வேர்ப்பொருளுக்கு அதுவே நெருக்கமானது என்றாலும், தடை, இடைவெளி என்ற பழைய பொருள்கள் அதில் தங்கியிருப்பதால் அரசியல் எழுத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நாடுகளின் உறவில் இந்தச் சொல் பெற்ற பொருளைப் புரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1820இல் ஸ்பெயினிலும் நேப்பிள்ஸிலும் மன்னராட்சியை அரசியலமைப்புக்குக் கட்டுப்படுத்தக் கோரும் புரட்சிகள் வெடித்தன. அவ்வாண்டு நவம்பரில் ட்ரோப்பாவ் நகரில் கூடிய ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய மூன்று முடியரசுகளும், இத்தகைய புரட்சிகள் பிற நாடுகளுக்கு ஆபத்தாக அமையுமானால் படைபலத்தாலும் அவற்றை அடக்கத் தமக்கு உரிமை உண்டு என அறிவித்தன. 1821இல் ஆஸ்திரியப் படை நேப்பிள்ஸின் அரசியலமைப்பு ஆட்சியைக் கவிழ்த்தது. 1823இல் பிரெஞ்சுப் படை ஸ்பெயினில் புகுந்து அந்நாட்டு மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டின் வரம்பற்ற அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தது. ஆக, வல்லரசுகள் தலையீட்டைத் தம் உரிமையாக அறிவித்த அந்தத் தொடக்கக் காலத்தில், மக்களின் கோரிக்கையை நசுக்கவே அதைப் பயன்படுத்தின.

அந்தப் பழக்கம் அத்தோடு நின்றுவிடவில்லை. 1956 நவம்பரில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டிலும் 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகாவிலும் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. ஈரானில் மக்களாட்சி முறையில் பதவிக்கு வந்த பிரதமர் மொசாடெக்கின் அரசை 1953இல் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பங்கு இருந்தது. 2011 மார்ச்சில் பஹ்ரைனில் மக்கள் போராடிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டு அரசுக்குத் துணையாகச் சவூதி அரேபியாவின் படை பாலம் கடந்து வந்தது.

சட்டம் இச்சொல்லுக்குத் தந்த வரையறை இந்த வரலாற்றின் பின்னணியில்தான் உருவானது. ஐ.நா. சாசனத்தின் 2ஆம் உறுப்பு, பிற நாட்டின் மீது படைபலம் பயன்படுத்துவதை விலக்குகிறது. அமெரிக்காவுக்கு எதிராக நிகராகுவா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1986இல் அளித்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது. ஒரு நாடு தன் அரசியல் அமைப்பைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை போன்றவற்றில் வெளிநாடு வற்புறுத்தலைக் கையாளுவதே விலக்கப்பட்ட தலையீடு என்றும், வற்புறுத்தலே அதன் சாரம் என்றும் அது கூறியது. பிற நாட்டின் எதிர்ப்பு அணிக்கு ஆதரவாகத் தலையிடும் பொது உரிமை எதுவும் இல்லை என்றும் சொன்ன அதே தீர்ப்பு, உண்மையான மனிதாபிமான உதவியைச் சட்டவிரோதத் தலையீடாகக் கருத முடியாது என்று ஏற்றுக்கொண்டது.

இந்த அளவுகோலின்படி, போராடுவோரைச் சுடாதீர்கள் என்று கோருவதும், சிறையிலிருப்போரின் பெயர்களை ஐ.நா. மன்றங்களில் எழுப்புவதும், தப்பி வருவோருக்குப் புகலிடம் தருவதும் தலையீடு ஆகா. ஆனால் அடக்குமுறை அரசுகள் இவற்றையும் ‘உள்விவகாரத்தில் தலையீடு’ என்றே அழைக்கின்றன. செய்தி எழுதுவோர் அச்சொல்லை அப்படியே எடுத்தாளும்போது அந்த அரசுகளின் வாதத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்கள். பொருளாதாரத் தடை இத்தகைய செயல்களுக்கும் படை அனுப்புவதற்கும் நடுவே நிற்கிறது. குற்றம் செய்த அதிகாரிகளின் சொத்தை முடக்குவதும் ஒரு தேசம் முழுவதின் வணிகத்தை நெரிப்பதும் ஒரே தன்மையின அல்ல.

படை அனுப்புவதைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: அனுப்பக் கூடாது. 2011 மார்ச்சில் லிபியாவின் பொதுமக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1973ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆட்சியாளர் கடாஃபியின் படையால் பெங்காசி நகர மக்களுக்கு நேரவிருந்த ஆபத்து கற்பனையன்று. ஆயினும் பாதுகாப்பு என்று தொடங்கிய வான்தாக்குதல் ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. அதன்பின் அந்நாடு போட்டி அரசுகளாகவும் ஆயுதக் குழுக்களாகவும் பிளவுபட்டது. வீதியில் நின்ற மக்களின் கோரிக்கையை அந்நியப் படையின் நோக்கம் விழுங்கிவிட்டது.

ஆனால் தலையிடாமை என்ற எதிர்ச்சொல்லையும் இதே கண்டிப்போடு கையாள வேண்டும். ஓர் ஆட்சியாளருக்குப் பல்லாண்டுகள் ஆயுதமும் கடனும் அளித்த நாடு, மக்கள் எழுந்த நாளில் ‘நாங்கள் தலையிட மாட்டோம்’ என்று அறிவித்தால் அது பொய். அந்நாடு ஏற்கெனவே ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அமெரிக்காவின் ஆதரவு அவருக்குத் தொடர்ந்து கிடைத்தது. 1986 பிப்ரவரியில் மணிலாவின் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டு, ராணுவத்தின் ஒரு பகுதியும் பிரிந்து வந்த நிலையில்தான் வாஷிங்டன் அவரைப் பதவி விலகச் சொன்னது. அவர் ஹவாய்க்குப் புறப்பட்டார். ஆட்சியை வீழ்த்தியவர்கள் அந்நாட்டு மக்களே. வெளிநாடு கடைசியில் செய்தது தன் நெடுநாள் தலையீட்டை நிறுத்திக்கொண்டது மட்டுமே. ஆதரவு விலக்கம் என்று தமிழில் சொல்லத்தக்க இச்செயலைத் தலையீடு என எழுதுவது பிழை.