அகதி: சொல்லும் பொருளும்

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் வாழும் குடியிருப்பை ஊரார் இன்றும் ‘அகதி முகாம்’ என்றே சொல்கிறார்கள். தமிழக அரசோ 2021 ஆகஸ்டில் இப்பெயரைக் கைவிட்டு, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்குமாறு அறிவித்தது. ஒரு சொல்லை அரசே விலக்க நேர்ந்ததற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது.

அகதி வடசொல். ‘கதி’ என்பது செல்லுதல், வழி, புகலிடம் எனப் பல பொருள் தரும். முன்நிற்கும் அகரம் எதிர்மறை. ஆகவே அகதி என்றால் போக்கிடம் அற்றவர். நிர்க்கதி, அதோகதி என்பவை இதன் உறவுச் சொற்கள். இந்தியில் வழங்கும் ‘சரணார்த்தி’ அடைக்கலம் நாடுபவரைக் குறிக்கிறது. பிரெஞ்சு வழி வந்த ‘ரெஃப்யூஜி’யும் அடைக்கலத்தையே அடியாகக் கொண்டது. நாம் எடுத்துக்கொண்ட சொல்லோ இல்லாமையை மட்டும் சொல்கிறது. முகாமிலேயே பிறந்து இங்கேயே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது வசையாகக் கேட்பதில் வியப்பில்லை.

சட்டத்தில் இதன் பொருள் குறுகியது. இனம், சமயம், நாட்டினம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அகதி என்கிறது. எல்லையைக் கடக்காதவர் அகதி ஆகமாட்டார். அவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபின் தலைநகர் கார்ட்டூமை விட்டுப் போர்ட் சூடானுக்கு ஓடியவர் இவ்வகையினர்; சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரிலிருந்து அண்டையிலுள்ள சாட் நாட்டுக்குள் நுழைந்தவரே அகதி. வீடும் வயலும் இருவருக்கும் போயின. ஆனால் முன்னவர் எந்தப் படைகளுக்கு அஞ்சி ஓடினாரோ அவற்றின் பிடியிலுள்ள நாட்டுக்குள்ளேயே இருப்பதால், உதவிப் பொருள் அவரிடம் சேர்வதற்கும் அப்படைகளே வழிவிட வேண்டியிருக்கிறது. 2023 இறுதியில் உலகில் வலிந்து பெயர்க்கப்பட்டிருந்த 11.73 கோடிப் பேரில் 6.83 கோடிப் பேர் இவ்வாறு சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். எல்லை கடந்தவர்களிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு இடம் கொடுத்திருப்பவை வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளே; சாட் அவற்றுள் ஒன்று.

போரால் ஊர் மாறியவர் எல்லாரும் அகதியும் அல்லர். 1815இல் ஆங்கிலேயரிடம் முடியிழந்த கண்டி அரசர் விக்கிரமராசசிங்கர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்து மண்டபம் இருக்கிறது. அவர் தப்பி வந்தவர் அல்லர், சிறைப்பட்டவர்.

1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் மேல்மொணவூர்வாசிகள் பேச்சில் அகதிகள், சட்டத்தில் அயல்நாட்டினர். மாதந்தோறும் தமிழக அரசு தரும் தொகைக்குப் ‘பணக்கொடை’ என்று பெயர்; குடும்பத் தலைவருக்கான தொகை 2021இல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. 2023இல் அங்கே புதிய வீடுகளும் திறக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது. இலங்கை அதில் இல்லை.

தமிழில் அகதிக்கு நேராக வழங்குவது ‘ஏதிலி’. ஈழத்து எழுத்தில் நன்கு வேரூன்றிய சொல். “ஏதிலார் குற்றம்போல்” என்னும் குறளில் ஏதிலார் என்றால் அயலார். இந்தப் பழம்பொருளை நினைத்தால், ஒரே மொழி பேசும் மேல்மொணவூர்க்காரரை ஏதிலி என்பது எனக்குச் சற்று நெருடுகிறது; எனினும் அகதியைவிட இது மேல். ‘புலம்பெயர்ந்தோர்’ பொருந்தாது. பட்டினப்பாலை காட்டும் ‘புலம்பெயர் மாக்கள்’ காவிரிப்பூம்பட்டினத்தில் இனிது கலந்து வாழ்ந்த வேற்று நாட்டார்; இன்றும் அச்சொல் வேலைக்காக வெளிநாடு போனவரையும் சேர்த்தே குறிக்கிறது. போரால் எல்லை கடந்தவரை ஏதிலியர் என்றும், கடவாதவரை இடம்பெயர்ந்தோர் என்றும் எழுதலாம். உடன்படிக்கையின் வாசகத்தையோ பழைய அரசாணையையோ எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும் அகதி என்பதை அப்படியே வைப்பது முறை.