சுவரில் பூக்கும் உப்பும் 75 சதவீதமும்

கீழக்கரைப் பக்கம் புது வீடு கட்டியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம்தான் ஆயிற்று. விடிகாலையில் திட்டுத்திட்டாக ஈரம். மத்தியானம் அதே இடத்தில் வெள்ளைப் பொடி. கொத்தனார் மேலே இன்னொரு கோட் பட்டி வைக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் வாஸ்து பார்க்கச் சொல்கிறார்கள். எது சரி?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

சுவர் திட்டுத்திட்டாகத் தெரியப் பல காரணங்கள் உண்டு. பூச்சில் மேடு பள்ளம் இருந்தால், வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும்போது மட்டும் நிழல் நிழலாகத் தெரியும். அது கைவேலைக் குறை. நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். தூணும் பீமும் இருக்கும் இடம் நிறம் மாறித் தெரிவதும் உண்டு. செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை மளமளவென்று உறிஞ்சும், கான்கிரீட் அப்படி உறிஞ்சாது. அதனால் பூச்சு இறுகும் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆனால் காலையில் ஈரம், மத்தியானம் பொடி என்று மாறி மாறி வந்தால் அது உப்பின் வேலை.

உப்பு எப்படி வந்தது? போர் தண்ணீரில் வந்திருக்கலாம், மணலில் வந்திருக்கலாம், கடற்காற்றிலும் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பின் ஒரு பகுதி) கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி. கடல்நீரில் ஏறக்குறைய 19,000 இருக்கிறது. கடலோரக் கிணற்று நீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. சோடியம் குளோரைடுக்கு, அதாவது நாம் சாப்பிடும் உப்புக்கு, 75 என்று ஒரு எண் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்புப் படிகம் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து அதிலேயே கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி படிகமாகும். வெயிலிலும் குளிரிலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. நம் கடற்கரையில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் 75-க்கு மேலேதான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் பகலில் அதற்குக் கீழே போய்விடும். ஆக, மழை ஒரு துளி விழாமலேயே உங்கள் சுவர் இரவில் நனைகிறது, பகலில் காய்கிறது. அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிவதும் இதே வேதியியல்தான். கல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும்.

கரைந்து உறைவதோடு முடிந்தால் பரவாயில்லை. பூச்சின் நுண்துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை நேராகத் தொடுவதில்லை. நடுவில் சில மூலக்கூறுகள் கனத்துக்கு நீர்ப்படலம் ஒன்று நிற்கிறது. அந்தப் படலத்தின் வழியாக உப்பு அயனிகள் நுழைந்து நுழைந்து, படிகத்தின் மேல் அடுக்கு மேல் அடுக்காக அமர்கின்றன. இடமில்லாத இடத்திலும் படிகம் வளர்கிறது, வளர வளரத் துளையை நெம்புகிறது. 1905-இல் பெக்கர், டே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வளரும் படிகாரப் படிகம் தன் மேல் வைத்த ஒரு கிலோ எடையைத் தூக்குவதைக் காட்டினார்கள். சிமென்ட் பூச்சு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தினம் தினம் நெம்பினால் பொரிந்து உதிராமல் என்ன செய்யும்?

வெளியே பொடியாகப் பூத்தால் சுவருக்குப் பெரிய சேதமில்லை. மேலே பட்டியும் பிளாஸ்டிக் போன்ற பெயின்ட்டும் அடைத்துக்கொண்டால், நீராவி மட்டும் மெல்லக் கசியும். உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகும். அப்புறம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வாசலில் பூசணிக்காய் கட்டினாலும் கதவின் திசையை மாற்றினாலும் அந்த 75 மாறப்போவதில்லை. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்று நீரைப் பரிசோதித்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அருமையான வேலை. அதே அக்கறையோடு சாதாரண வீட்டுப் பூச்சையும் ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும். தொண்டியிலும் சாயல்குடியிலும் பலவகைக் கலவையில் சுவர்த் துண்டுகளைக் கட்டிவைத்து, பத்து வருடம் பார்த்து, முடிவைத் தமிழில் கொத்தனார்களுக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, உங்கள் சுவர். காய்ந்த நேரத்தில் உலர்ந்த பிரஷால் பொடியைத் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே திரும்பிவிடும். சன்ஷேடு, மாடிக் கைப்பிடிச்சுவர், குழாய் மூட்டு என்று தண்ணீர் நுழையும் வழியைத் தேடி அடையுங்கள். கச்சான் காலம் முழுக்கச் சுவரை அப்படியே விட்டு, பூக்கப் பூக்கக் கூட்டுங்கள். பூப்பது குறைந்த பிறகு, நீராவியை வெளியே விடும் சுண்ணாம்பு அல்லது சிலிக்கேட் பூச்சு அடிக்கலாம். தட்டினால் பொக்கையாகச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரில் கலந்து மறுபடி பூசுங்கள். தூணிலோ பீமிலோ நீளவாக்கில் விரிசலும் துருக் கறையும் தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள்; பொறியாளரை அந்த வாரமே கூப்பிடுங்கள்.