பரிமேல் சிலையா, குதிரையேற்றச் சிலையா?

மாட்ரிட் நகரின் ரெத்தீரோ பூங்காவில், குளக்கரையில், அரைவட்டத் தூண் வரிசைக்கு நடுவே உயர்ந்த பீடத்தின்மேல் குதிரையில் வீற்றிருக்கிறார் ஸ்பெயின் மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ. 1922-இல் திறக்கப்பட்ட இந்த நினைவுச்சின்னம் சுமார் 30 மீட்டர் உயரம். உச்சியிலுள்ள வெண்கலச் சிலையை வடித்தவர் மரியானோ பென்யூரே. இப்படி ஒரு சிலையைத் தமிழில் எழுத நேர்ந்தால் உடனே வந்து விழுகிறது ‘குதிரையேற்றச் சிலை’. பிழையான சொல்.

ஆங்கிலத்தில் இதை ‘இக்வெஸ்ட்ரியன்’ சிலை என்பார்கள். அச்சொல்லின் மூலம் எளியது. இலத்தீனில் ‘எக்குவுஸ்’ குதிரை, ‘எக்குவெஸ்’ அதன்மேல் செல்பவன். அதன் வழியே வந்தது ஆங்கில ‘இக்வெஸ்ட்ரியன்’. ஒலிம்பிக்கில் அதே சொல் ஒரு விளையாட்டுக்கும் பெயர். அங்கே ‘குதிரையேற்றம்’ கச்சிதமாகப் பொருந்தும். அகராதியில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். எடுத்துச் சிலைக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

யானையேற்றம், குதிரையேற்றம் என்பவை இளவரசர்கள் பயின்ற கலைகள். ஏறுதல் செயல், ஏற்றம் பயிற்சி. சிலையிலுள்ள மன்னரோ ஏறவும் இல்லை, பயிலவும் இல்லை. ஏறி அமர்ந்தாயிற்று. ‘குதிரைச் சிலை’ என்றால் மன்னர் காணாமல் போகிறார். ‘குதிரைவீரர் சிலை’ என்றால் பட்டத்தரசர் படைச் சிப்பாய் ஆகிவிடுகிறார்.

இவற்றை எல்லாம் மிஞ்சியது ‘அசுவாரூடச் சிலை’. மராத்தியில் சிவாஜி சிலைகளுக்கு ‘அஷ்வாரூட்’ என்பது இயல்பான வழக்கு. ‘குதிரைமேல் ஏறிய’ என்று அவர்களுக்கு அது புரியும். தமிழனுக்கு ஆரூடம் என்றால் சோதிடம். குதிரையைப் பார்த்துக் குறி சொல்கிறார்கள் போலும் என்று நினைப்பான். வடசொல் என்பதற்காக மட்டும் இதைத் தள்ளவில்லை. தமிழில் வேறு பொருள் கொண்டு குடியேறிவிட்ட சொல்லை மறுபடி பழைய வீட்டுக்கு அனுப்ப முடியாது.

நம்மிடமே சொல் இருக்கிறது. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரின் பெயரைப் பிரித்தால் போதும்: பரிமேல் அழகர். அமர்ந்திருக்கும் நிலையை ‘மேல்’ என்ற ஒரே உருபு சொல்லிவிடுகிறது. ஆகவே ‘பரிமேல் சிலை’. செய்தியில் பரி கனமாகத் தோன்றினால் ‘குதிரைமீது அமர்ந்த சிலை’ என்று விரித்து எழுதலாம், குறையொன்றும் இல்லை.

சொல்லோடு ஒரு கட்டுக்கதையையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தள்ளுகிறார்கள். குதிரையின் இரு முன்னங்கால்களும் உயர்ந்திருந்தால் மன்னர் போரில் மாண்டவராம். அதே மாட்ரிட்டின் ஓரியந்தே சதுக்கத்தில், சிற்பி பியெத்ரோ தாக்கா 1640-இல் முடித்த ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் சிலையில் இரு முன்னங்கால்களும் அந்தரத்தில். பின்பாதியைத் திட வெண்கலமாகவும் முன்பாதியை உள்ளீடற்றதாகவும் வார்த்ததால்தான் அது கவிழாமல் நிற்கிறது. பிலிப் இறந்தது 1665-இல், படுக்கையில்.

உறுப்புப் பெயர்களிலும் இதே அலட்சியம். சேணத்திலிருந்து தொங்கும் மிதிக்கு அங்கவடி என்ற நல்ல பெயர் இருக்கிறது. ‘கால் வளையம்’ எதற்கு? ரோமில் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் வெண்கலச் சிலையில் அங்கவடியே கிடையாது. ‘கால் வளையம் இல்லை’ என்று எழுதினால், மன்னர் கொலுசு போடவில்லை என்றல்லவா படும்!

தூய்மைவாதிகள் சிலர், சிலை என்றால் கல், வெண்கலத்துக்கு ஆகாது என்பார்கள். வேர் அதுதான். ஆனால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு மீட்டு வருபவற்றில் எத்தனையோ செப்புத் திருமேனிகள். வழக்கு எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது.