"தாடையை முன்னால தள்ளிக் கடிங்க": எதற்காக?

பல்லுக்கு ஒரு கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் மூடி, போட வருபவரை அளவெடுத்ததும் அனுப்பிவிடுவேன். பதினான்கு கேப் போட வேண்டியவர் என்றால் மறுபடி உட்காரவைத்து, "கீழ்த்தாடையை முன்னால தள்ளுங்க, அப்படியே மெதுவா கடிங்க" என்று தொல்லை கொடுப்பேன். "அதான் அளவு எடுத்தாச்சே டாக்டர்?" என்பார்கள். எடுத்தது பல்லின் அளவு. இது தாடை மூட்டின் அளவு.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் நழுவி ஓடுவது தெரியும். தாடை முன்னே வரும்போது அந்தக் குமிழ் மண்டையோட்டுச் சரிவு ஒன்றில் வழுக்கிக் கீழிறங்குகிறது. அதனால்தான் முன்பற்கள் முனையோடு முனை தொடும்போது கடைவாயில் இடைவெளி விழுகிறது. பல் மருத்துவர் கிறிஸ்டென்சன் 1905-இல் எழுதிய சங்கதி இது. அந்த இடைவெளியை மெழுகிலோ சிலிக்கானிலோ பதிந்து எடுத்து, லேபில் இருக்கும் ஆர்டிகுலேட்டர் என்ற செயற்கைத் தாடையில் பொருத்தினால் சரிவின் கோணம் கிடைத்துவிடும்.

இந்த வேலையே வேண்டாம், எல்லோருக்கும் சராசரியாக 30 டிகிரி என்று வைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு கேப்புக்கு அது போதும். தொழிலுக்கு வந்த புதிதில், தேய்ந்துபோன பற்களோடு வந்த ஒருவருக்கு வாய் முழுவதற்கும் அப்படியே செய்தேன். ஆர்டிகுலேட்டரில் அசைத்தால் எங்கும் இடிக்கவில்லை. வாயில் வைத்த சில வாரங்களில் கடைவாய்ப் பல்லின் பீங்கான் முனை உடைந்தது. சரி செய்தேன், அதே இடம் மறுபடி உடைந்தது. அப்புறம்தான் அளவெடுத்தேன். அவருடைய வலது மூட்டின் சரிவு 20 டிகிரிகூட இல்லை. 30-ஐ நம்பி டெக்னீஷியன் உயரமாகச் செதுக்கிய முனைகள், தட்டையான அந்த மூட்டில் ஒவ்வொரு அசைவுக்கும் மோதிக்கொண்டிருந்தன.

தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அன்றிலிருந்து பார்க்கிறேன். ஆர்டிகுலேட்டரில் கோணம் நிஜத்தைவிடக் குறைந்தால் முனைகள் கொஞ்சம் மழுங்கலாக வரும், மோதாது. கூடினால்தான் வம்பு. அதனால் இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் கோணம் எடுப்பதை மட்டும் நம்ப எனக்குத் தயக்கம். அதில் வரும் கோணம் பெரும்பாலும் மெழுகுப் பதிவைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தவிர, அது நிற்கும் எலும்பின் படம், ஓடும் மூட்டின் படமல்ல.

மெழுகும் யோக்கியம் இல்லை. நம்மூர் வெயிலில் லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் நெளிந்துவிடும். நான் சிலிக்கானுக்கு மாறி வெகுநாளாயிற்று. மூன்று தடவை பதிவெடுப்பேன்; ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் நான்காவது. தாடை 5, 6 மில்லிமீட்டராவது முன்னே வர வேண்டும், அதற்குக் குறைந்தால் கோணத்தை நம்ப முடியாது. மேல்தாடையின் அச்சு மாதிரியை ஆர்டிகுலேட்டரில் ஃபேஸ்போ (மூட்டிலிருந்து மேல்தாடை எங்கே இருக்கிறது என்று அளந்து தரும் கருவி) வைத்து மாட்டாவிட்டால் இத்தனையும் வீண்.

பதிவில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. தொடக்கம், முடிவு என்று இரண்டு புள்ளிகளைத்தான் அது காட்டும்; குமிழ் போகும் வழியோ வளைவு. வழி முழுவதையும் வரைய அந்தக் காலத்தில் பேன்டோகிராஃப் இருந்தது. இப்போது சென்சார் வைத்த மின்னணுக் கருவிகள், சீப்ரிஸ் மாதிரி, திரையில் கோடாகவே காட்டிவிடுகின்றன. பக்கவாட்டு அசைவுக்கு இவைதான் மேல். ஆனால் கீழ்ப்பற்களில் ஒட்டிய தகடு கொஞ்சம் ஆடினாலும் கோடும் ஆடும், பார்க்க மட்டும் அழகாக இருக்கும். செலவும் அதிகம். வாய் முழுக்க மாற்றும்போதோ, இரண்டு பக்க மூட்டும் வெவ்வேறாக ஓடும்போதோதான் நான் அதைப் பரிந்துரைப்பேன்.

வாய் முழுக்கக் கட்டப்போகிறீர்கள் என்றால், மூட்டு அளவு எப்படி எடுப்பீர்கள் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வாய் திறக்கும்போது வலியோ 'டிக்' சத்தமோ இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வலிக்குப் பயந்து தாடையை ஒதுக்கி அசைக்கும் சமயத்தில் எடுத்த அளவு, வலி அடங்கியதும் மாறிப்போகும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் மூட்டு வைத்தியம், கேப் பிறகுதான்.