சுனாமி: ஆழிப்பேரலையா, கடற்கோளா?

ஜப்பானிய மொழியில் 'சு' துறைமுகம், 'நாமி' அலை. முதலெழுத்தை அவர்கள் 'ட்சு' என்பார்கள். தமிழ் நாவில் அது இளகிவிட்டது. துறைமுக அலை என்று பெயர் வந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: நடுக்கடலில் வலை போட்டிருந்தவர்கள் எதையும் உணரவில்லை, கரைக்குத் திரும்பியபோது துறை சின்னாபின்னமாகிக் கிடந்தது. நடக்கக்கூடியதுதான். ஆழ்கடலில் இதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட வராது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. படகுக்கு அடியில் கடந்துபோனாலும் தெரியாது. 2004இல் ஒரு செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் அளந்த உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான்.

காற்று எழுப்பும் அலை கடலின் மேற்பரப்போடு நின்றுவிடும். சுனாமியில் அடி முதல் மேல் வரை மொத்த நீரும் நகர்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகம். கரையருகே ஆழம் குறைய வேகமும் குறையும். முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதை நெருக்கிக்கொண்டு மேலெழும்.

மூலகாரணம் பெரும்பாலும் கடலடி நிலநடுக்கம். 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி ஏறக்குறைய ஆறரை மணிக்கு, சுமத்ராவுக்கு அருகே இந்திய நிலத்தட்டு பர்மா நிலத்தட்டுக்கு அடியில் நழுவியது. 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பிளவு. கடல்தரை உயர்ந்து, மேலிருந்த நீரையும் தூக்கியது. சில மணி நேரத்தில் அலை நாகப்பட்டினம் வரை வந்துவிட்டது. எரிமலையும் இதைச் செய்யும்: 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது இறந்த 36,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது அலைதான்.

இனி தமிழுக்கு வருவோம். 'ஓதப் பேரலை' என்று சிலர் எழுதுகிறார்கள். ஓதம் என்பது நிலவும் ஞாயிறும் ஈர்ப்பதால் நாள்தோறும் கடல் ஏறி வற்றுவது. சுனாமிக்கும் அதற்கும் உறவே இல்லை. அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

2004க்குப் பின் பரவலானது 'ஆழிப்பேரலை'. ஆழி, கடல். கேட்க அழகு, ஆனால் 'பேரலை' என்றதும் சுவர்போல உயர்ந்து ஒரு நொடியில் உடையும் அலைதான் மனத்தில் வருகிறது. பல இடங்களில் நடந்தது வேறு. கடல் முதலில் உள்வாங்கியது. பிறகு நிமிடக்கணக்கில் ஊருக்குள் பாய்ந்துகொண்டே இருந்தது. ஒன்று வடிந்ததும் முடிந்ததென்று எண்ணக் கூடாது, அடுத்தது இன்னும் பெரிதாக வரலாம். நீர் வடிந்த பின்பும் வயலில் உப்பு தங்கியது, கிணறுகள் கரித்தன.

இந்த அழிவைச் சொல்லத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: கடற்கோள். 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்கிறது சிலப்பதிகாரம்; குமரி மலையையும் கடல் விழுங்கியது என்று பொருள். அந்தக் 'கொள்'ளிலிருந்து வந்ததே கோள். ஒரு சிக்கல் உண்டு. பழைய வழக்கில் கடல் கொண்ட நிலம் திரும்புவதில்லை. சுனாமியிலோ நீர் பின்வாங்கிவிடும். ஆகவே நான் பிரித்தே எழுதுவேன்: கடலில் ஓடிவருவது ஆழிப்பேரலை, அது கரையில் விளைவிப்பது கடற்கோள்.

பேச்சில் சுனாமியை அசைக்க முடியாது. சென்னை எர்ணாவூரில் 'சுனாமி குடியிருப்பு' என்றுதான் வழி கேட்கிறார்கள்.