ஐந்து வயதுக்குள் இலவசமாகக் கிடைக்க வேண்டிய வைட்டமினும் இரும்புச்சத்தும்: இல்லை என்று அனுப்பினால் என்ன கேட்பது?

"பையன் சரியா சாப்பிட மாட்டேங்கிறான், ராத்திரி தூங்கவும் மாட்டேங்கிறான். ஏதாவது நல்ல வைட்டமின் டானிக்கா குடுங்க." மெடிக்கல் கடை வாசலில் இப்படிக் கேட்டு நிற்கும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாள் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தால் வைட்டமின் ஏ கட்டங்களில் முதல் இரண்டுதான் நிரம்பியிருக்கும். மீதி ஏழும் காலி. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டியது கிடைக்காமல், தேவையா என்றே தெரியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் சுருக்கமாக இதுதான். குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவம் 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட். 16 முதல் 18 மாதத்துக்குள் 2 மில்லி. அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி. மொத்தம் 9 தடவை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில சிரப் 6 மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. ஒரு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரை. தேசிய அளவில் அதற்கான நாள்கள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. இவற்றோடு, 6 மாதம் முதல் 6 வயது வரை அங்கன்வாடி மூலம் உணவு. இது 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எழுத்தில் தந்திருக்கும் உரிமை. எதற்கும் காசு கிடையாது.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எங்கே நழுவுகிறது என்று பார்ப்போம்.

பெரிய ஓட்டை ஒன்றரை வயதில் விழுகிறது. அதுவரை ஊசிக்காகத் தாய் சுகாதார நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருப்பாள். ஒன்றரை வயது ஊசி முடிந்தால் அடுத்த வழக்கமான ஊசி ஐந்து வயதில்தான். "எல்லா ஊசியும் போட்டாச்சு, இனி ஸ்கூல் சேர்க்கும்போது வந்தால் போதும்" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள்தான் வைட்டமின் ஏவின் ஏழு டோஸ்கள் இருக்கின்றன. ஊசி இல்லை என்பதால் யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடாததால் தாய்க்கும் தெரிவதில்லை. ஒன்றரை வயது ஊசிக்குப் போகும்போதே அடுத்த ஆறாவது மாதத்தின் பெயரை அட்டையில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எழுத மாட்டோம் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "முகாம் முடிஞ்சு போச்சும்மா, அடுத்த தடவை வாங்க." இதைக் கேட்டுத் திரும்பாதவர்கள் குறைவு. ஒரே வீச்சில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடுதான் முகாம். முகாமைத் தவறவிட்டதால் குழந்தைக்கு உரிமை போய்விடாது. ஐந்து வயது நிறையாத குழந்தை, கடைசி டோஸ் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தால் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அட்டையோடு போய்க் கேளுங்கள். விட்டுப்போன டோஸ்களை எல்லாம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். வைட்டமின் ஏ உடம்பில் தங்கும் சத்து, அளவு மீறினால் கெடுதல். அன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து அடுத்தது.

கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மஞ்சள் நிற எண்ணெய் மாதிரி இருக்கும். பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியில் பாதிக் கோடு வரை 1 மில்லி, விளிம்பு வரை நிறைத்தால் 2 மில்லி. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதிக் கரண்டி ஊற்றினால் அது பாதி டோஸ். வீட்டு டீஸ்பூனில் குத்துமதிப்பாக ஊற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திறந்த பாட்டிலை எட்டு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதற்காகத் திறந்த தேதியை லேபிளில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. தேதி இல்லாவிட்டால் எப்போது திறந்தது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வேலை தேடி வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். "உங்க ரேஷன் கார்டு வேற ஊர்ல இருக்கே", "பிரசவம் அங்கதானே ஆச்சு, அங்க போய்க் கேளுங்க." கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் பெண்களிடம், ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கும் ஊரைக் காட்டி இப்படிச் சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். கோபம் வராமல் இருக்க முடியவில்லை. குழந்தை இப்போது எங்கே வசிக்கிறதோ அந்தப் பகுதி சுகாதார நிலையமும் அங்கன்வாடியும்தான் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கன்வாடிக்கு வறுமைக்கோட்டை ஒரு தகுதியாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே சொல்லிவிட்டது.

ஆதார் இன்னொரு முட்டுக்கட்டை. குழந்தைக்கு ஆதார் எடுத்து வந்தால்தான் பெயர் சேர்ப்போம் என்பார்கள். ஆதார் மையத்துக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழுக்குப் போனால், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணைக் கேட்பார்கள். இந்தச் சுற்றில் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிடும். அங்கன்வாடிப் பதிவுக்குக் குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதார் போதும் என்று மத்திய அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். இப்போது வீட்டுக்கு வாங்கிச் செல்லும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறையும் வந்திருக்கிறது. பதிவு செய்த செல்போன் எண் மாறியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எண்ணை மாற்றினால் முதலில் அங்கன்வாடியில் சொல்லி மாற்றுங்கள். செயலி வேலை செய்யவில்லை என்பது அவர்கள் பிரச்சினை. அதற்காகக் குழந்தையின் மாவை நிறுத்த முடியாது.

தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டவர்களையும் "அங்கேயே கேளுங்க" என்று அனுப்புகிறார்கள். தவறு. ஊசியை எங்கே போட்டாலும் வைட்டமின் ஏவும் இரும்புச்சத்து சிரப்பும் அரசு நிலையத்தில் கேட்டு வாங்கலாம். தனியார் அட்டையையும் கையில் கொண்டுபோங்கள், கடைசி டோஸ் எப்போது என்று பார்க்க அது வேண்டும்.

இரும்புச்சத்து சிரப்பில் தொல்லை வேறு மாதிரி. பல தாய்மார்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்டாக் வந்தாலும் சொல்வதில்லை. 50 மில்லி பாட்டிலில் 1 மில்லி மட்டும் எடுக்கும் மூடி இருக்கும். கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துக் கொடுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் குணமாகும் வரை நிறுத்துங்கள். டாக்டர் ஏற்கெனவே இரும்பு டானிக் எழுதியிருந்தால் இதைத் தொடங்கும் முன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று ஒரு குழந்தை முழு பாட்டிலையும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

குடற்புழு மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி, அதற்கு மேல் முழு மாத்திரை ஒன்று. சின்னக் குழந்தைக்குத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுசாக வாயில் திணித்தால் தொண்டையில் சிக்கும். அன்று குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால், விட்டுப்போனவர்களுக்கு என்று சுமார் ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள்.

சரி, இத்தனையும் வாங்கிய குழந்தைக்குத் தனியாக வைட்டமின் டானிக் வேண்டுமா? வீட்டுச் சாப்பாட்டோடு முட்டை, பருப்பு, கீரை, பழம் என்று ஓரளவு கிடைக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் வேண்டாம். வைட்டமின் டி மட்டும் இந்தத் திட்டத்தில் இல்லை. அதைக் குழந்தை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். மிட்டாய் மாதிரி வரும் வைட்டமின்களைப் பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுக்காதீர்கள். தூங்காத குழந்தைக்கு டானிக் மருந்தல்ல. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு பதினொரு மணி வரை செல்போன் பார்க்கும் பிள்ளை காலையில் எழுந்து அழும், சாப்பிடாது. முதலில் செல்போனை நிறுத்திப் பாருங்கள். பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால், மண்ணையோ சுவரையோ தின்றால் டானிக் கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுக்க மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். அங்கே இருப்பவரும் குறைந்த சம்பளத்தில் பத்து வேலை பார்ப்பவர்தான். ஸ்டாக் அனுப்பாத அதிகாரி அந்த அறையில் இருக்க மாட்டார். "எந்தக் காரணத்தால் இல்லை என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். பாதி இடத்தில் அதற்கே பாட்டில் வெளியே வந்துவிடும். வராவிட்டால், மருந்துக்கு 104க்கும், எந்த அரசு அலுவலகம் குறித்த புகாருக்கும் முதல்வர் உதவி எண் 1100க்கும் போன் செய்யலாம். அங்கன்வாடி என்றால் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர். அதிலும் நகராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு. மனுவில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, போன தேதி, எந்த மையம், என்ன சொல்லி அனுப்பினார்கள், எந்த டோஸ் பாக்கி என்ற ஆறும் இருக்கட்டும். அட்டையின் ஜெராக்ஸை இணையுங்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனு எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த தடவை போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.