'போர்டு போயிருச்சு' என்று சொல்வதற்கு முன்னால்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்த பிள்ளைகள் பலர் மூன்று மாத, ஆறு மாத ஹார்டுவேர் - நெட்வொர்க்கிங் வகுப்பில் சேர்கிறார்கள். முடித்து வரும்போது ரேம் என்றால் என்ன, ஐபி முகவரி என்றால் என்ன என்று கேட்டால் மடமடவென்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து "சிஸ்டம் ஆன் ஆகலைங்க" என்று கூப்பிட்டால், பத்து நிமிடம் பார்த்துவிட்டு "போர்டு போயிருச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கடைக்காரர் அதை நம்பிப் புதுப் போர்டுக்கு, அதாவது மதர்போர்டுக்கு, பணம் எடுத்து வைக்கிறார். பழைய போர்டில் ஒரு குறையும் இல்லாமலே அது குப்பைக்குப் போகிறது.

பாகங்களின் பெயரை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பழுதை வரிசையாகத் தேடும் பழக்கம் கைக்கு வரத்தான் மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது. அந்த வரிசை கணினிக்குள் தொடங்குவதில்லை, சுவரில் இருக்கும் பிளக்கில் தொடங்குகிறது.

முதலில் கரண்ட்

நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறை நிலம் அதிகம். பாறையில் எர்த் குழி சரியாக இறங்காது. இறங்கினாலும் கோடையில் குழி காய்ந்துபோனால் எர்த் இருந்தும் இல்லாத கணக்குதான். பல கடைகளில் மூன்று முனை சாக்கெட்டின் மேல் துளைக்கு ஒயரே வந்திருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி) உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 110 வோல்ட் வாக்கில் நிற்கும். அது மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆனாலும் பென் டிரைவ் சொருகும்போதும் பிரிண்டர் கேபிளை மாட்டும்போதும் யுஎஸ்பி போர்ட் அடிவாங்குவதற்கு அது ஒரு காரணம்.

மல்டிமீட்டரை ஏசியில் 750 வோல்ட் (சில மீட்டர்களில் 600) அளவுக்கு வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸ் - நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸ் - எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல் - எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேஸ் - எர்த் அளவு பாதியாகவோ தாறுமாறாகவோ வந்தால் எர்த் இல்லை என்று பொருள். மீட்டர் முனையின் உலோகத்தில் விரல் படாமல், முடிந்தவரை ஒரே கையால் அளந்து பழகுங்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். ஆனால் பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் முழுதும் கேபினெட்டுக்கு வந்துவிடும். தொட்டவர் உயிர் போகும். அதனால் நியூட்ரல் - எர்த் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் மகிழ்ந்துவிடாமல், மெயினை அணைத்துச் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை, உங்கள் வேலை இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

கிணற்று மோட்டார்கள் ஓடும் லைனில் வோல்டேஜ் இறங்கி ஏறுவது பழகிப்போன விஷயம். அதைவிடக் கொடியது டிரான்ஸ்பார்மர் பக்கம் நியூட்ரல் கட் ஆவது. அப்போது சில வீடுகளுக்கு 230-க்குப் பதிலாக 400 வரைகூட ஏறும். எஸ்எம்பிஎஸ், மானிட்டர், ரவுட்டர் அடாப்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போயிருந்தால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். லைன் சரியாகாமல் புதுப் பொருளை மாட்டினால் அதுவும் போகும். சித்திரை, வைகாசி கோடை மழையில் இடி இறங்கும் நாட்களில் பிளக்கைப் பிடுங்குவதோடு, வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். பிராட்பேண்ட் ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழியாக மின்னல் வராது. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே மொட்டை மாடியில் இழுத்த செம்புக் கேபிள் வழியாக வரும்.

யூபிஎஸ் பற்றி இரண்டே வரி. கடைகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது, சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

டிஸ்பிளே வரவில்லை

கரண்ட் சரி. இனிதான் கேபினெட்டைத் திறக்க வேண்டும். அதற்கும் முன்னால் மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளைத் தவறிப்போய் போர்டு பக்க போர்ட்டில் சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் "போர்டு போச்சு" என்ற தீர்ப்பு பலமுறை இந்த இடத்திலேயே தவறாகிப்போகிறது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மீதிச் சார்ஜை இறக்கிய பிறகு உள்ளே கை வைக்கவும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான சார்ஜை வைத்திருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, போர்டிலிருந்து 24 முனை கனெக்டரைக் கழற்றி பிளக்கை மறுபடி போடுங்கள். ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், கணினி அணைந்திருந்தாலும் அது வரும். பிறகு பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒன்றையும் சிறு கம்பியால் இணைத்தால் விசிறி சுற்றும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் வர வேண்டும். விசிறி சுற்றுவதை மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் ஒயரின் 12 வோல்ட் 10.8-க்கு இறங்கியிருந்தாலும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். புது எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாக வருவதுண்டு. அதில் நிறத்தை நம்ப முடியாது, பச்சைக்குரிய 16-ஆம் முனையைப் படம் பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் போர்டில் பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், இவை தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 முனை கொண்ட தனி 12 வோல்ட் கனெக்டர் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். அது விட்டுப்போனால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். கேபினெட்டின் பவர் பட்டன் சிக்கிக்கொண்டிருக்கலாம், அதனால் போர்டில் உள்ள இரண்டு பவர் பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்து பாருங்கள். நம்மூர் தூசியில் ரேமின் தங்க விளிம்பு மங்குவது சகஜம். பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்துத் தூளை ஸ்லாட்டுக்குள் கொட்டுவதைவிட, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைப்பது நல்லது. போர்டில் நாணயம் போல இருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி, பிளக்கும் பிடுங்கிய நிலையில், ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கடைசிச் சோதனை. போர்டில் சிறு பீப் ஸ்பீக்கரை மாட்டி, ரேமை முழுதாகக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். "ரேம் இல்லை" என்று பீப் அடித்தால் பிராசஸர், போர்டு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருள்) மூன்றும் உயிரோடு இருக்கின்றன, பழுது ரேமிலோ ஸ்லாட்டிலோதான். எந்தச் சத்தமும் இல்லை என்றால்தான் போர்டின் மீதோ பிராசஸர் மீதோ சந்தேகப்பட உரிமை வருகிறது. அப்போதும் பிராசஸரை எடுத்தால், சாக்கெட்டில் பின் உள்ள வகையில் விரல் வைக்காதீர்கள். ஒரு பின் வளைந்தால் நல்ல போர்டைக் கெடுத்தவர் நீங்கள்தான் ஆவீர்கள்.

ஃபார்மேட் என்ற சொல்

"ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பது நம்மூரில் சாதாரணமாகப் புழங்கும் வாக்கியம். ஆனால் திரும்பிக் கிடைக்காத பொருள் அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டேலி டேட்டா போல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கைரேகைக் கருவியின் டிரைவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு பேக்கப் எடுக்க வேண்டும்.

தமிழ் டைப்பிங் நடக்கும் கடைகளில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் வருடக்கணக்காக அடித்த பத்திரங்களும் மனுக்களும் அந்தக் கணினியில் இருக்கும். ஃபார்மேட்டில் எழுத்துரு போய்விட்டால், கோப்பு அப்படியே இருந்தும் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரை முழுதாக நகலெடுத்து வைத்தால் இந்தத் துயரம் வராது. யூனிகோடில் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பதையும் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது புதியவர்கள் தடுமாறும் இரண்டு இடங்கள் உண்டு. "இந்த டிஸ்கில் விண்டோஸ் நிறுவ முடியாது" என்று வந்தால் பெரும்பாலும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில், பென் டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் (அல்லது நேர்மாறாக) இருப்பதுதான் காரணம். யூடியூபில் பார்த்து விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் 'கிளீன்' கட்டளை கொடுத்தால் சிக்கல் தீரும். ஆனால் சி டிரைவோடு டி டிரைவும் சேர்ந்தே போய்விடும். பென் டிரைவை டிஸ்கின் முறைக்கு ஏற்ப மாற்றித் தயாரித்தாலே போதும். இன்னொன்று, இன்டெல் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையுமான லேப்டாப்களில் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போவது. எஸ்எஸ்டி கெட்டுவிடவில்லை, இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் போட்டு லோட் செய்தால் தெரியும்.

புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பை மாற்றும் முன் 48 இலக்க ரெக்கவரி கீ வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கீ இல்லாமல் பூட்டிக்கொண்டால் தரவை யாராலும் எடுக்க முடியாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். அதைவிடப் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போடலாம், நன்றாக ஓடும். ஆனால் டேலியோ கைரேகைக் கருவியோ அதில் ஓட வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கிராக் போட்ட விண்டோஸை மட்டும் யாருக்கும் போட்டுக்கொடுக்காதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் அந்த ஆக்டிவேட்டரோடு என்ன உள்ளே வருகிறது என்பது போட்டவருக்கும் தெரியாது, அதே கணினியில்தான் ஊர் மக்களின் ஆதார் நகல்கள் இருக்கின்றன.

எட்டு விளக்கும் எரிந்தும் தவறான கேபிள்

லேன் கேபிள் முனையில் அடிக்கும் ஆர்ஜே45 கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, கேபிள் உங்கள் பக்கமிருந்து நுழைய, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இதுதான் 568பி என்ற நிற வரிசை. பச்சை ஜோடி நடுவில் ஏன் பிரிகிறது என்று புரியாமல், சிலர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக இரண்டு முனையிலும் அடித்துவிடுகிறார்கள். கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் வரிசையாக எரியும். இரண்டு மீட்டர் கேபிளில் வேலையும் செய்யும். முப்பது மீட்டர் இழுத்ததும் நெட் விட்டு விட்டு வரும். 3, 6 முனைகள் ஒரே முறுக்கு ஜோடியாக இருந்தால்தான் ஒரு கம்பியில் புகும் இரைச்சலை மற்றது சமன்செய்யும். ஜோடி மாறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நல்ல ரவுட்டர் இருந்தும் வேகம் சரியாக 100-இல் நின்றால் மீதி நான்கில் ஒன்று விட்டிருக்கலாம். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. விலை மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சிசிடிவி கேமராவுக்கு அதிலேயே மின்சாரமும் அனுப்பினால் சூடாகும், தூரத்துக் கேமரா இரவில் ஐஆர் (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது அணைந்து அணைந்து வரும்.

நெட் இல்லை என்றால் கட்டளைத் திரையில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குள்ள எண்ணை, பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். முகவரி சரி என்றால் ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பிறகு இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு பிங். அதுவும் வந்து இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவையில். மாடிக்கு வைஃபை வேண்டும் என்று பழைய ரவுட்டரை மாட்டுபவர்கள் அதன் முகவரியை மாற்றி, டிஎச்சிபியை (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, லேன் போர்ட்டில்தான் கேபிளைச் சொருக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டரும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து, பாதிக் கணினிகளுக்கு பிரிண்டர் காணாமல் போகும்.

வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். மேசையில் மல்டிமீட்டர் இருக்கிறதா, திறந்து மாட்டப் பழைய போர்டுகள் ஆளுக்கொன்று உண்டா, ஓடாத கணினியைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களா, ஒரு மாணவர் எத்தனை கேபிள் முனை அடிக்கலாம் என்று கேளுங்கள். இருபது முனைக்குக் குறைவாக அடித்த கைக்கு வரிசை பழகாது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் அடிப்படைப் பாடங்களும் பேக்கெட் டிரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் திரையில் ஸ்லைடு காட்டி முடிக்கும் வகுப்புக்குத் தனியாகக் கட்டணம் கட்டத் தேவையில்லை. கட்டும் பணம் கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் மணிநேரத்துக்காக இருக்கட்டும்.